மேல்வீட்டுக் கோலிகள்

உட்லண்ட்ஸில் வீடு என்றதும்
கணக்குப் பிரிவு அல்லிராணி கேட்டாள்:
"உங்க வீட்டுக்கு வர பாஸ்போர்ட் வேணுமாக்கா?"
ராஃபிள்ஸ் பிளேஸில் ஏறி
உட்கார இடமும் கிடைத்துவிட்டால்
ஈஷூன் வருவதற்குள் ஒரு தூக்கம் முடிந்து
இன்னொன்றைத் தொடங்கலாம்.
அவ்வளவு தூரம்தான்.
இந்தப் பணத்துக்கு நகரத்துக்குள்
கார் நிறுத்த ஓர் இடம் கிடைத்திருக்கும்,
காரில்லாத எனக்கு.

மலிவு என்றாலும் சும்மா கிடைக்கவில்லை.
புளோக்கில் இந்தியர் விகிதம் நிரம்பியிருந்தது.
ஓர் இந்தியர் விற்றால்தான்
இன்னோர் இந்தியர் வாங்கலாம்.
குரியாக்கோஸ் மகனோடு மெல்பர்ன் போனார்.
அவர் காலி செய்த சதவீதத்தில்
நான் குடியேறினேன்.
சமையலறைச் சுவரில் சுரண்டியும் போகாத
ஒரு மீன் ஸ்டிக்கர் மட்டும்
இன்னும் அவர் விகிதத்தில் இருக்கிறது.

ஒன்பதாம் மாடி. மூவறை. இருபத்தைந்து வருடக் கடன்.
பத்திரத்தில் ஒரே ஒரு பெயர்.
"வேற யாரும் கையெழுத்துப் போடணுமா?"
வழக்கறிஞர் இரண்டு முறை கேட்டார்.
இரண்டு முறையும் இல்லை என்றேன்.

முதல் இரவே கேட்டது.
டக்.
டக் டக்.
பிறகு உருண்டு உருண்டு
சுவரோரம் போய் நிற்கிற சத்தம்.
பன்னிரண்டு மணிக்கு
எந்த வீட்டுப் பிள்ளை கோலி விளையாடுகிறது?

மூன்று வாரம் பொறுத்தேன்.
நான்காவது வாரம்
இரவு உடைமேல் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு
படியேறினேன்,
வாக்கியங்களைத் தயார் செய்தபடி.

பத்தாம் மாடியில் ரொஹாயா.
கதவு திறந்ததும் சம்பல் நெடி,
விடிந்தால் ஐம்பது பொட்டலம் நாசி லெமாக்.
"பிள்ளையா? என் பிள்ளைக்கே பிள்ளை இருக்கு.
எனக்கும்தான் கேக்குது. மேல்வீடு."
துடைப்பக்கட்டையால் இடித்து இடித்துக்
கூரையில் விழுந்த தழும்புகளைக் காட்டினாள்.
என் தயார் வாக்கியங்கள்
எதற்கும் உதவவில்லை.
அடுப்பை அணைத்தாள்.
முக்காட்டைச் சரிசெய்தாள்.
"வா, போவோம்."

பதினொன்றில் தெக் ஹுவாட்,
டாக்சியை நிறுத்திவிட்டு வந்த பனியனோடு.
அவர் ஒன்றும் பேசவில்லை.
ஒரு விரலை மேலே நீட்டினார்.
பல வருடமாக நீட்டியே இருந்த விரல் போலிருந்தது.
அவர் வீட்டு அறையில் வாடகைக்கு இருக்கும் மரிசெல்
இரவுப் பணிக்குக் கிளம்பியவள்,
தாதி உடையில் பாதிப் படி எங்களோடு வந்துவிட்டு
பேருந்து ஞாபகம் வந்து இறங்கி ஓடினாள்.

பன்னிரண்டு. கடைசி மாடி.
கதவு ஒரு சாண் திறந்தது.
எங்கள் மூவரையும் பார்த்த மியோ தந்த்
வணக்கம் சொல்லவில்லை.
"பர்மிட் இருக்கு. எடுத்துட்டு வரேன்," என்றான்.

யாருக்கும் உடனே பேச்சு வரவில்லை.
ரொஹாயாதான்
"அதெல்லாம் வேண்டாம் தம்பி, கோலி, கோலி" என்று
விரலால் தரையில் சுண்டிக் காட்டினாள்.
அவன் முகம் மெல்லத் திரும்பி வந்தது.
"அதுவா?
அது கீழேருந்து வருதுன்னு நெனச்சோம்."

அவனுக்கு மேலே தண்ணீர்த் தொட்டி.
அதற்கு மேலே ஒன்றுமில்லை.

நடைவழியில் நின்றோம்.
தூரத்தில் கடற்பாலத்தின் மேல்
ஜொகூருக்குத் திரும்பும் மோட்டார் சைக்கிள்கள்
நகர்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தன.
நாலு பேரும் அங்கேயே இருக்க,
வீட்டுக்குள் யாருமே இல்லாத ஏதோ ஓரிடத்தில்
டக்.
"குழாய்," என்றார் தெக் ஹுவாட்.
அவர் பேசி நான் கேட்ட முதல் சொல்.
ரொஹாயா வேறொன்று சொல்ல வாயெடுத்து
இரவு நேரம் பார்த்து
நிறுத்திக்கொண்டாள்.

போன செவ்வாய்க்கிழமை
என் கதவு தட்டப்பட்டது.
எட்டாம் மாடியாம், புதிதாக வந்தவர்,
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து
மிகப் பணிவாகக் கேட்டார்:
"உங்க பிள்ளை ராத்திரியில
கோலி விளையாடுதுங்களா?"

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டேன்.
"வாங்க, போவோம்."